வெள்ளைக் காருக்குக் காய்ச்சல்

போன ஞாயிற்றுக்கிழமை மத்தியானம், மீன் குழம்பைச் சோற்றில் ஊற்றிக்கொண்டே கணவர் ஞானசீலன் சொன்ன தீர்ப்பு மரியபுஷ்பத்தின் தொண்டையில் இன்னும் முள்ளாக நின்றது.

"காரை வித்துருவோம். ஆபீஸ்ல வெங்கட்ராமன் கேட்டுக்கிட்டே இருக்கான்."

"ஏன் விக்கணும்?"

"மூணு தடவை கொதிச்சு நடுரோட்டுல நின்னுட்டு. மூணு தடவையும் ஓட்டுனது நீ. நான் ஓட்டும்போது ஒரு நாளாவது கொதிச்சுதா, சொல்லு பாப்போம்?"

புஷ்பத்துக்குப் பதில் தெரியவில்லை. அவர் சொன்னது உண்மையாக இருந்ததுதான் அவளுக்கு எரிச்சல்.

ஆஸ்பத்திரியில் தீக்காய வார்டின் சிஸ்டர் அவள். வார்டில் அவள் குரல் கேட்டால் ஜூனியர் டாக்டர்கள்கூட நிமிர்ந்து நிற்பார்கள். அப்படிப்பட்டவள், நாற்பத்தைந்து வயதுக்கு மேல், போன குளிர்காலத்துப் பனிமூட்டத்தில் டிரைவிங் ஸ்கூலுக்குப் போய், சின்னப் பிள்ளை மாதிரி நாக்கைக் கடித்துக்கொண்டு கார் ஓட்டப் பழகினாள். அதுவரை டெல்லி மயூர் விஹாரிலிருந்து பஸ்ஸில் பிதுங்கிக்கொண்டு போனவளுக்கு அந்தப் பழைய வெள்ளைக் கார் ஒரு சொர்க்கம். டியூட்டி முடிந்து வீட்டுக்கு வரும் அந்த அரை மணி நேரம் அவளை யாரும் 'சிஸ்டர்' என்று கூப்பிடுவதில்லை, 'மம்மி' என்று கூப்பிடுவதில்லை. ஜன்னலை இறக்கி விட்டு, ஞாயிறு ஆராதனையில் பாடிய பாட்டைச் சத்தமாகப் பாடிக்கொண்டு வருவாள். சிக்னலில் பக்கத்து ஸ்கூட்டர்காரன் திரும்பிப் பார்த்தால் இன்னும் கொஞ்சம் சத்தமாகப் பாடுவாள்.

அந்தக் காரைத்தான் நாளைக் காலையில் வெங்கட்ராமன் வந்து ஓட்டிக்கொண்டு போகப் போகிறார்.

ஆனால் இன்றைக்கு ஒரு நாள் பாக்கி இருந்தது. இன்றைக்கு என்று பார்த்து ஞானசீலனின் அக்கா தங்கநேசம் பாளையங்கோட்டையிலிருந்து வந்து இறங்குகிறார். ரிட்டயரான ஹெட்மிஸ்ட்ரஸ். டெல்லிக்கு வருவது இதுதான் முதல் தடவை. எதற்கு வருகிறார் என்று போனில் எத்தனை முறை கேட்டும் சொல்லவில்லை. "வாரேன், வந்து பேசிக்கிடுவோம்" என்று வைத்துவிட்டார்.

அக்காவை அழைத்துவரத் தானே ஓட்டிப் போகவேண்டும் என்று ஞானசீலனுக்கு ஆசை. ஆனால் வியாழக்கிழமை மாடிப்படியில் பெருவிரலை இடித்துக்கொண்டு, கால் பூசணிப் பிஞ்சு போல வீங்கிக் கிடந்தது. பிரேக்கை மிதிக்க முடியாது.

"டாக்ஸி சொல்லிருவோம்" என்றார்.

"அரே பப்பா, நாளைக்குத்தானே கார் போகுது? இன்னிக்கு மம்மி ஓட்டட்டுமே, லாஸ்ட் டைம்!" என்றாள் ரூபி. அவர்களுடைய ஒரே மகள். நர்சரி ஸ்கூலில் டீச்சர். தமிழும் இந்தியும் இங்கிலீஷும் கலந்த ஒரு பாஷையில் அப்பாவிடம் எதையும் சாதித்துக்கொள்வாள்.

"நடுவழியில நின்னா அக்கா முன்னால என் மானம் போயிரும்."

"நிக்காது" என்றாள் புஷ்பம். சொல்லிவிட்டாளே தவிர, அவளுக்கே சந்தேகம்தான்.

புறப்படும் முன் பானெட்டைத் தூக்கிப் பார்த்தாள். ஓரத்தில் இருக்கும் பிளாஸ்டிக் டாங்கில் தண்ணீர் கோடு வரைக்கும் நிறைந்திருந்தது. அப்பாடா என்றிருந்தது அவளுக்கு. நோயாளியின் சார்ட்டில் எல்லாம் நார்மல் என்று எழுதியிருந்தால் வரும் நிம்மதி.

நிஜாமுதீன் ஸ்டேஷனில் ரயில் தாமதமாகத்தான் வந்தது. வெள்ளை வாயல் புடவையும் கையில் கருப்பட்டிப் பெட்டியுமாக இறங்கிய தங்கநேசம், தம்பியின் காலைப் பார்த்தார், மருமகள் ரூபியின் ஜீன்ஸைப் பார்த்தார், கடைசியில் வெளியே வந்து காரைப் பார்த்தார்.

"ஏலே ஞானம், டிரைவர் எங்கே?"

ஞானசீலன் தொண்டையைச் செருமிக்கொண்டார். "புஷ்பம்தான் ஓட்டுதா, அக்கா."

தங்கநேசம் தம்பி மனைவியை உச்சி முதல் பாதம் வரை ஒரு பார்வை பார்த்தார். பள்ளிக்கூடத்தில் புது டீச்சர்களை அவர் பார்த்த பார்வை அதுவாகத்தான் இருக்கும். பிறகு முன் கதவைத் திறந்து உட்கார்ந்துகொண்டார்.

"நீ பின்னால ஏறுலே. பிரேக் எப்படிப் போடுதான்னு நான் பாக்கணும்லா."

புஷ்பம் மனதுக்குள் ஒரு ஜெபத்தைச் சொல்லிச் சாவியைத் திருகினாள்.

நிஜாமுதீன் பாலம் ஏறியதும் கண்ணுக்கு எட்டிய தூரம் வரை வண்டிகள். மே மாத வெயில். பாலத்துக்குக் கீழே யமுனையின் மணல் திட்டில் வெள்ளரியும் தர்பூசணியும் பச்சைப் பசேலென்று படர்ந்து கிடந்தன. மேலே தாரிலிருந்து அனல் எழும்பியது. லாரிக்காரர்கள் ஹாரனை விட்டுக் கையை எடுக்கவில்லை.

"வண்டி நல்லா குளுகுளுன்னு இருக்கே" என்றார் தங்கநேசம், ஏசிக் காற்றில் முகத்தைக் காட்டி.

புஷ்பத்தின் கண் டாஷ்போர்டில் இருந்தது. எஞ்சின் சூட்டைக் காட்டும் முள் நடுவிலிருந்து மெல்ல மேலே நகர்ந்தது. கொஞ்சம் நின்றது. மறுபடி நகர்ந்தது. வார்டில் தெர்மாமீட்டரைப் பார்த்துப் பழகிய கண் அது. ஏமாறாது.

ஏசியை அணைத்தாள். எல்லா ஜன்னலையும் இறக்கச் சொன்னாள். பிறகு யாரும் எதிர்பார்க்காத ஒரு காரியம் செய்தாள். ஹீட்டரை முழுக்கத் திருகிவிட்டாள்.

தங்கநேசத்தின் காலடியில் அடுப்பைத் திறந்தது போல அனல் வந்து அடித்தது.

"ஐயோ! என்னம்மா இது, காலு வேகுதே!"

"புஷ்பம்! உனக்கென்ன பைத்தியமா? இந்த வெயில்ல ஹீட்டரா?" பின்சீட்டிலிருந்து ஞானசீலன் கத்தினார்.

"எஞ்சினுக்கு ஜுரம். அந்தச் சூட்டைத்தான் ஹீட்டர் நம்ம பக்கம் இழுத்து வெளிய தள்ளுது. கொஞ்ச நேரம் பொறுத்துக்கிடுங்க மதினி, காலைத் தூக்கி வச்சுக்கிடுங்க."

ஹெட்மிஸ்ட்ரஸ் தங்கநேசம், ஆயிரம் பிள்ளைகளை நடுங்க வைத்தவர், செருப்பைக் கழற்றிவிட்டு இரண்டு காலையும் சீட்டின் மேல் தூக்கிச் சம்மணமிட்டு உட்கார்ந்தார். பின்னால் ரூபி சிரிப்பை அடக்க முடியாமல் துப்பட்டாவை வாயில் திணித்துக்கொண்டாள்.

முள் சிவப்புக் கோட்டுக்குக் கொஞ்சம் கீழே நின்று தயங்கியது. அந்தத் தயக்கம் போதும். புஷ்பம் ஊர்ந்து ஊர்ந்து பாலத்தைக் கடந்து, ஓரத்தில் ஒரு வேப்ப மரத்தடியில் வண்டியை ஒதுக்கி எஞ்சினை அணைத்தாள். பானெட்டின் இடுக்கிலிருந்து புஸ்ஸென்று ஆவி கிளம்பியது.

நாலாவது தடவை. அதுவும் மதினி முன்னால். புஷ்பத்துக்குக் கண்ணில் நீர் முட்டியது.

அதற்குள் ஞானசீலன் ஒற்றைக் காலில் தத்தித் தத்தி இறங்கி, பானெட்டைத் தூக்கி, கையில் கைக்குட்டையைச் சுற்றிக்கொண்டு ரேடியேட்டர் மூடியில் கை வைக்கப் போனார். கக்கத்தில் தண்ணீர் பாட்டில்.

"தொடாதீங்க!"

அது வீட்டுக் குரல் இல்லை, வார்டுக் குரல். மரத்தடியில் வெள்ளரிக்காய் விற்றுக்கொண்டிருந்தவன் கூடக் கையில் கத்தியோடு அப்படியே நின்றுவிட்டான். ஞானசீலனின் கை அந்தரத்தில் நின்றது.

புஷ்பம் வந்து அவர் கையைப் பிடித்து இழுத்தாள். "உள்ள இருக்கிற தண்ணி அழுத்தத்துல கொதிச்சுக்கிட்டு இருக்கு. மூடியைத் திறந்தா மூஞ்சியில அடிக்கும். மாசத்துக்கு ஒருத்தராவது இப்படித்தாங்க என் வார்டுக்கு வாராங்க. கண்ணைத் திறக்க முடியாம, முகம் பூரா கட்டுப் போட்டுக்கிட்டு. உங்களை அப்படிப் பாக்க என்னால முடியாது."

ஞானசீலன் பாட்டிலை ரூபியிடம் கொடுத்துவிட்டு, நல்ல பிள்ளையாக மரத்தடியில் போய் உட்கார்ந்தார்.

எஞ்சின் தானாக ஆற வேண்டும். வேறு வழியில்லை. "பையா, சார் தேனா, மசாலா ஜ்யாதா" என்று ரூபி மசாலா தூக்கலாக நாலு வெள்ளரிக்காய் வாங்கினாள். உப்பும் மிளகாய்த்தூளும் எலுமிச்சையும் தடவி நாலாகக் கீறிய பிஞ்சுகள். தங்கநேசம் ஒரு கடி கடித்தார். முகம் மலர்ந்தது. இன்னொன்று கேட்டு வாங்கினார்.

"ரயில்ல மூணு வேளையும் இட்லின்னு சொல்லிக் கல்லைக் குடுத்தான். இதுதான் சாப்பாடு" என்றார். "சரி, புஷ்பம், இப்ப சொல்லு. வண்டிக்கு என்ன வியாதி?"

"அது இவ ஓட்டுற..." என்று ஆரம்பித்தார் ஞானசீலன்.

"ஒன்கிட்ட கேக்கலைலே."

புஷ்பம் ஓரத்து டாங்கைக் குனிந்து பார்த்தாள். வீட்டில் பார்க்கும்போது தண்ணீரின் அளவைத்தான் பார்த்தாள். இப்போதுதான் நிறத்தைப் பார்த்தாள். வெளிறி, லேசாகத் துருவேறிய செம்மண் நிறம். ஜனவரியில் சர்வீஸ் செய்தபோது எஞ்சின் சூட்டை ஆற்றும் கூலன்ட் திரவத்தைப் பளபளவென்று பச்சை நிறத்தில் ஊற்றியதை அவளே பக்கத்தில் நின்று பார்த்தாள்.

"அந்தப் பச்சை எல்லாம் எங்கே போச்சு?" என்றாள். பிறகு நிமிர்ந்தாள். "யாராவது இதுல தண்ணி ஊத்துனீங்களா?"

மரத்தடியில் வெள்ளரிக்காய் கடிக்கும் சத்தம் மட்டும்.

"நான்தான்" என்றார் ஞானசீலன், குற்றமில்லாத குரலில். "தினம் காலையில ஜெபம் முடிச்சு ஒரு செம்பு ஊத்துவேன். ஊர்ல பஸ் டிரைவர்மாரு எல்லாம் அப்படித்தானே? தண்ணி ஊத்தாம வண்டியை எடுக்கவே மாட்டானுவ."

"பப்பா, நீங்களுமா?" ரூபி தலையில் கை வைத்துக்கொண்டாள். "நான் சாயங்காலம் கார்ல உக்காந்து ஏசி போட்டு பாட்டு கேப்பேன்ல... டாங்க்ல கம்மியா இருந்தா நீங்க கண்டுபிடிச்சிடுவீங்கன்னு பயம். சோ, டெய்லி கொஞ்சம் ஊத்தி லெவல் பண்ணிடுவேன்."

இரண்டு பேரும் புஷ்பத்தைப் பார்த்தார்கள். புஷ்பத்தின் முகம் எட்டுக் கோணலாகப் போயிற்று.

"நீ?" என்றார் தங்கநேசம்.

"நானும்தான் மதினி" என்றாள் மெல்ல. "டியூட்டி முடிஞ்சு வந்து பாத்தா கொஞ்சம் கொறஞ்சிருக்கும். நான் ஓட்டித்தான் கொறஞ்சுதுன்னு இவங்க சொல்லிருவாங்களோன்னு, மாடி ஏறுறதுக்கு முன்னால ஊத்திருவேன்."

தங்கநேசம் ஒரு நிமிடம் மூவரையும் மாறி மாறிப் பார்த்தார். பிறகு சிரிக்க ஆரம்பித்தார். வயிற்றைப் பிடித்துக்கொண்டு, கண்ணில் நீர் வழிய, மரத்தில் சாய்ந்து சிரித்தார். ரூபிக்கு அது தொற்றிக்கொண்டது. புஷ்பம் அழலாமா சிரிக்கலாமா என்று தெரியாமல் சிரித்தாள். கடைசியாக ஞானசீலனும்.

சிரித்துக்கொண்டே இருந்த புஷ்பத்துக்குச் சட்டென்று உறைத்தது.

"அப்படின்னா தினமும் தண்ணி கொறஞ்சிருக்கு! ஒழுங்கான வண்டியில கொறையவே கூடாதுங்க. எங்கேயோ ஒழுகுது. நாம மூணு பேரும் ஒருத்தருக்கொருத்தர் தெரியாம ரொப்பிக்கிட்டே இருந்ததால யாருக்கும் தெரியலை."

வார்டில் இப்படி நடக்காமலா இருக்கிறது? நோயாளிக்கு எவ்வளவு உள்ளே போகிறது, எவ்வளவு வெளியே வருகிறது என்று நர்ஸ் கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு எழுதுவாள். பார்வை நேரத்தில் மனைவி ஒரு இளநீர், மச்சினன் ஒரு ஜூஸ், மகள் ஒரு டீ என்று ரகசியமாகக் கொடுத்துவிட்டுப் போவார்கள். எல்லோரும் பாசத்தில் செய்வதுதான். சார்ட் மட்டும் பொய் சொல்லும்.

எஞ்சின் ஆறியதும் புஷ்பம் அடியில் கையை விட்டு ரப்பர் குழாய்களைத் தடவினாள். ரேடியேட்டரின் கீழ்க் குழாய் சேரும் இடத்தில் வெள்ளையாகப் பொரிந்திருந்தது, காய்ந்த உப்பு மாதிரி. அவர்கள் வீட்டுக் கெட்டிலின் அடியில் படிகிற அதே மயூர் விஹார் உப்பு. அதன் நடுவிலிருந்து ஒரு சொட்டு முளைத்து விழுந்தது.

"இங்கதான்" என்றாள்.

"தண்ணிதானே ஊத்துனோம்? தண்ணியும் குளுமைதானே?" ஞானசீலனுக்கு இன்னும் மனசு ஆறவில்லை.

"நோயாளிக்கு ட்ரிப்ல குழாய்த் தண்ணி ஏத்துவோமா? அதுவும் தண்ணிதானே? இரும்புக்கும் அப்படித்தாங்க. வெறும் தண்ணி சீக்கிரம் கொதிச்சுரும், உள்ள துருப்பிடிக்கும், உப்புப் படிஞ்சு வழியை அடைச்சிரும். கூலன்ட் கலந்தா அவ்வளவு சீக்கிரம் கொதிக்காது, துருவும் ஏறாது. ஜனவரிக் குளிர்ல உறையவும் செய்யாது. வண்டியோட வந்த புஸ்தகத்தை நைட் டியூட்டியில படிச்சேன். படிச்சும், கொஞ்சம்தானேன்னு நானும் ஊத்திருக்கேன் பாருங்க."

"அப்ப நான் ஓட்டும்போது ஏன் கொதிக்கலை?"

இப்போது அதற்குப் பதில் தெரிந்திருந்தது. "நீங்க ஞாயித்துக்கிழமை காலையில, ரோட்டுல காக்கா குருவி இல்லாத நேரத்துல சர்ச்சுக்கு ஓட்டுறீங்க. நான் மத்தியானம் ரெண்டரை மணிக்கு இந்தப் பாலத்துல ஓட்டுறேன்."

தங்கநேசம் தம்பியின் முதுகில் ஒன்று வைத்தார்.

துணியை மடித்துப் பிடித்து, மூடியை முதலில் கால் திருப்பு மட்டும் திருகி, மிச்ச ஆவி போனதும் திறந்து, கொஞ்சம் கொஞ்சமாகத் தண்ணீர் விட்டு, ஏசி இல்லாமல் வீடு வந்து சேர்ந்தார்கள்.

வெயில் தாழ்ந்த பிறகு கட்டடத்தின் வாசலில் ஆபரேஷன் தொடங்கியது. ரூபி மார்க்கெட்டுக்கு ஓடிப் புதுக் குழாய், அதை இறுக்கும் கிளிப், கூலன்ட் டப்பா, பாட்டரிக்கு ஊற்றும் காய்ச்சி வடித்த தண்ணீர் எல்லாம் வாங்கி வந்தாள். புஷ்பம் பழைய நைட்டியின் கையை மடித்துக்கொண்டு வண்டிக்கு அடியில் பக்கெட்டை வைத்தாள்.

"கீழ சிந்தவிடாதீங்க. கூலன்ட் இனிப்பா இருக்கும்னு தெரு நாய் நக்கிரும். விஷம், செத்துப் போகும்."

"சரி சிஸ்டர்" என்றார் ஞானசீலன். முக்காலியில் காலை நீட்டி உட்கார்ந்து, புனலைப் பிடிப்பதுதான் அவருக்குக் கொடுக்கப்பட்ட வேலை. பிடித்தார்.

பழைய தண்ணீர் டீ நிறத்தில் வடிந்தது. நல்ல தண்ணீர் விட்டு, வெளியே வருவது தெளியும் வரை அலசினாள். புதுக் குழாயை மாட்டி, கிளிப்பை இறுக்கினாள். பாதி வடித்த தண்ணீர், பாதி கூலன்ட் என்று கலந்து புனலில் ஊற்ற, பச்சை பளபளவென்று உள்ளே இறங்கியது. மூடியைப் போடாமலே எஞ்சினை ஓடவிட்டு, குழாயை விரலால் அமுக்கி அமுக்கி விட்டாள். குப் குப்பென்று காற்றுக் குமிழிகள் மேலே வந்து உடைந்தன.

"காத்து உள்ள மாட்டிக்கிட்டா மறுபடி சூடாகும். ட்ரிப் குழாயில காத்தை எடுக்கிற மாதிரிதான்."

குமிழி நின்றதும் மூடியைப் போட்டாள். எஞ்சின் ஒரே சீராக ஓடியது. மின்விசிறி தானாகச் சுற்றி, தானாக நின்றது. முள் நடுவில் போய் உட்கார்ந்துகொண்டு அசையவே இல்லை. கட்டடத்து ஆட்கள் பால்கனியிலிருந்து எட்டிப் பார்த்தார்கள். ரூபி கை தட்டினாள்.

புஷ்பம் கையைத் துடைத்தாள். சந்தோஷமாகத்தான் இருந்தது. ஆனால் அடுத்த நிமிடமே நினைவு வந்தது. குணமாக்கியாகிவிட்டது. இனி நாளைக்கு வெங்கட்ராமனுக்கு நல்ல வண்டி கிடைக்கும்.

மேலே போனபோது ஞானசீலன் போனில் பேசிக்கொண்டிருந்தார்.

"வெங்கட்ராமன், நாளைக்கு நீ வர வேண்டாம்... இல்லப்பா, வேற ஆளுக்குக் குடுக்கலை. விக்கலை. வண்டி மேல தப்பில்ல. ஓட்டுன ஆள் மேலயும் தப்பில்ல. தண்ணி ஊத்துன ஆள்தான் சரியில்ல... ஆமா, நான்தான். சிரிக்காதே, வையி."

ரிசீவரை வைத்துவிட்டுத் திரும்பினார். வாசலில் மனைவி நிற்பதைப் பார்த்தார். இருவருக்கும் கொஞ்சம் வெட்கமாக இருந்தது.

"நாளைக்கு மார்னிங் டியூட்டிதானே?" என்றார். "கிளம்பும்போது சொல்லு. காலு சரியாகுற வரைக்கும் என்னையும் ஆபீஸ்ல இறக்கி விட்டுரு."

"செம்புல தண்ணி எடுக்க மாட்டீங்களே?"

"சத்தியமா மாட்டேன்."

புஷ்பம் சிரித்தாள். அன்றைக்குச் சமையல் செய்துகொண்டே அவள் பாடிய பாட்டு கீழ் வீடு வரை கேட்டது.

சாப்பாடு முடிந்து, ஞானசீலனும் ரூபியும் டிவி முன்னால் உட்கார்ந்ததும், தங்கநேசம் எச்சில் தட்டுகளை எடுத்துக்கொண்டு அடுக்களைக்கு வந்தார். கதவை ஒருக்களித்துச் சாத்தினார்.

"புஷ்பம், நான் எதுக்கு வந்தேன்னு நீ கேக்கவே இல்லையே."

"நீங்களா சொல்லுவீங்கன்னு இருந்தேன் மதினி."

"நாளைக்கு அவனை ஆபீஸ்ல இறக்குன பிறகு, நீ டியூட்டி முடிச்சு நேரா வீட்டுக்கு வந்து என்னைக் கூட்டிட்டுப் போணும். கரோல் பாக். அட்ரஸ் என்கிட்ட இருக்கு."

"அங்கே யாரு மதினி இருக்கா?"

தங்கநேசம் முந்தானை நுனியை விரலில் சுற்றினார். ஹெட்மிஸ்ட்ரஸ் முகத்தில், கல்யாணமே வேண்டாம் என்று காலம் முழுவதும் தனியாக இருந்துவிட்ட அந்த முகத்தில், பதினெட்டு வயதுப் பெண்ணின் பதற்றம் தெரிந்தது.

"ஒரு ஆளைப் பாக்கணும். ரொம்ப வருஷமா பாக்கணும்னு இருக்கேன். யாரு கூட்டிட்டுப் போவா? தம்பிகிட்ட கேக்க முடியுமா? இன்னைக்கு நீ அந்தப் பாலத்துல வண்டியை ஓட்டுனதைப் பாத்ததும்தான் எனக்குத் தைரியம் வந்துது."

கூடத்தில் டிவி சத்தத்தையும் மீறி ஞானசீலன் கேட்டார். "அங்கே என்ன ரெண்டு பேரும் ரகசியம்?"

புஷ்பம் மதினியின் கையை இறுகப் பிடித்துக்கொண்டாள்.

"ஒண்ணும் இல்லைங்க" என்று உரக்கச் சொன்னாள். "நாளைக்கு வண்டியில மதினிக்கு ஊரைச் சுத்திக் காட்டப் போறேன்."